ஆளோடு ஒரு விலை, ஆளில்லாமல் ஒரு விலை

எந்த நிலத்தைக் காட்டினாலும் அப்துல் மஜீது இரண்டு விலை சொல்வார். ஆளோடு ஒரு விலை, ஆளில்லாமல் ஒரு விலை. வலங்கைமான் பக்கத்தில் முப்பது வருஷமாக நிலத்தரகு பார்க்கிறவர் என்பதால் யாரும் விளக்கம் கேட்பதில்லை. மனையாக இருந்தால் அதில் குடிசை போட்டு உட்கார்ந்திருக்கிற ஆள். தோப்பாக இருந்தால் காவலுக்கு வந்து பேரன் பேத்தி எடுத்துவிட்ட ஆள். நஞ்சையாக இருந்தால் குத்தகைக்கு உழுகிற ஆள். "வீடு பாக்கப் போறப்ப உள்ள மாமியார் இருக்காங்களான்னு பாத்துட்டுத்தானே விலை வைப்பீங்க?" என்பார். கேட்டவன் சிரிப்பான். சிரித்துவிட்டான் என்றால் வியாபாரம் பாதி படிந்துவிட்டது என்று அர்த்தம். மஜீது தோளில் கிடக்கும் வெள்ளைத் துண்டை உதறி மறுதோளுக்கு மாற்றிக்கொள்வார்.

துண்டு சும்மா அழகுக்குக் கிடப்பதில்லை. அவருடைய பாட்டனார் மாட்டுச் சந்தைத் தரகர். விலையை வாயால் சொன்னால் பத்துப் பேர் காதில் விழும் என்று, சந்தையில் இரண்டு கைகளையும் ஒரு துண்டால் மூடி, உள்ளே விரலைப் பிடித்துத்தான் பேரம் பேசுவார்கள். மஜீது அந்த வித்தையை நிலத்துக்குக் கொண்டுவந்தார். கைபேசியிலேயே சிட்டா பார்க்கிற காலத்தில் இது வெறும் ஜாலம்தான். ஆனால் காசு வைத்திருப்பவர்களுக்கு ஜாலம் பிடிக்கும். அத்தாவின், அதாவது அப்பாவின், ஜவுளிக்கடையிலிருந்து அவர் எடுத்துக்கொண்டது இன்னொன்று. சேலையில் எங்காவது இழை போயிருந்தால், வந்தவர் கேட்டால் அந்தக் கடையில் ஒளிக்கமாட்டார்கள். கேட்காவிட்டால் வாயைத் திறக்கமாட்டார்கள். பொய் சொன்ன பாவமும் இல்லை, சரக்குத் தேங்கிய நஷ்டமும் இல்லை. இந்த ஏற்பாட்டில் மஜீதின் மனசாட்சி அறுபத்திரண்டு வயதுவரை நிம்மதியாகத் தூங்கியது.

அதை எழுப்பிவிட்டது பன்னிரண்டு மா நஞ்சை. ஏறக்குறைய நாலு ஏக்கர்.

நிலத்துக்காரர் இளஞ்செழியன் சிங்கப்பூரில் இருந்தார். அப்பா போய்ச் சேர்ந்த பிறகு ஊர்ப்பக்கம் வருவதை நிறுத்திவிட்டவர். புதிதாக வரப்போகிற புறவழிச்சாலை அந்த நிலத்தை ஒட்டிப் போகிறது என்று தெரிந்ததும், கும்பகோணத்தில் மனைப்பிரிவு போட்டு விற்கிற செந்தில்குமார் வாங்க ஆசைப்பட்டார். விற்கிறவருக்கு ஆசை, வாங்குகிறவருக்கு ஆசை, நடுவில் மஜீது. எல்லாம் கூடிவந்த காரியம். நிலத்தின்மேல் வீரையன் நின்றுகொண்டிருந்தார், அதுதான் இடைஞ்சல்.

வீரையனுக்கு அறுபதைத் தொடும் வயது. அவருடைய அப்பா காலத்திலிருந்து அது குத்தகை நிலம். குத்தகைப் பதிவேட்டில் பேர் ஏறியிருந்தது. நெல்லை ஒழுங்காக அளந்துவிடுவார், ரசீது வாங்கிக்கொள்வார். அப்படிப்பட்ட ஆளை எந்தக் கோர்ட்டுக்குப் போனாலும் லேசில் வெளியேற்ற முடியாது. அதனால் பேசி எழுப்பலாம் என்று சித்திரை மாதம் மூன்று தடவை மஜீது அவரைப் பார்க்கப் போனார். செந்தில்குமாரின் காரை அவரிடம் பொக்லைன் ஓட்டுகிற தங்கையன் ஓட்டிக்கொண்டு வந்தான். வெயிலுக்கு முன்னே போய்விட வேண்டும் என்று விடியற்காலையில் கிளம்பிப் போவார்கள். வாய்க்கால் வறண்டு வெடித்துக் கிடந்த காலம். வீரையன் கோடைப் பருத்தி போட்டிருந்தார். காலை ஆறு மணிக்கு மும்முனை மின்சாரம் வரும். அதற்குள் மோட்டார் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்துவிடுவார்.

மூன்றாவது தடவை நில அளவைக்காரரையும் கூட்டிப் போயிருந்தார்கள். வேறு யாராக இருந்தாலும் மறித்திருப்பார்கள். வீரையன் மோட்டாரைப் போட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "அளக்குறதுன்னா அளந்துக்குங்க பாய். செடிய மட்டும் மிதிச்சிடாதீங்க" என்றார். பிறகு வரப்பில் கொடியோடியிருந்த வெள்ளரியில் நாலு பிஞ்சு பறித்து, தொட்டித் தண்ணீரில் கழுவிக் கொடுத்தார். மஜீது அதைக் கடித்துக்கொண்டே தன் சாமர்த்தியம் முழுவதையும் இறக்கினார். கை நிறையக் கொடுப்பார்கள், பெண் வானதியைக் கொடுத்த இடத்திலேயே போய் உட்கார்ந்துவிடலாம், இந்த வயதில் சேற்றில் எதற்கு மிதிபட வேண்டும் என்றெல்லாம் சொன்னார். வீரையன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். கடைசியில், கேட்டவருக்கு மனம் நோகக்கூடாது என்பதுபோல மெதுவாகச் சொன்னார்:

"எல்லாஞ் சரிதான் பாய். இத விட்டுட்டு காலையில எந்திரிச்சு நான் எங்க போறது?"

மஜீது கையிலிருந்த மிச்சத்தையும் தின்று முடித்தார். பிஞ்சு வெள்ளரி மட்டும் நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் கும்பகோணத்தில் செந்தில்குமாரின் அலுவலகத்தில் பேரம். நண்பகல், குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. கதவோரத்தில் தங்கையன் கைகட்டி நின்றான். மஜீது வழக்கம்போல இரண்டு விலையையும் சொன்னார், மாமியார் கதையையும் சொன்னார். செந்தில்குமார் வாய்விட்டுச் சிரித்து, அந்தத் துண்டு வித்தையையும் காட்டுங்கள் என்றார். துண்டு விரிந்தது. உள்ளே விரல்கள் ஏறி இறங்கின. ஆளில்லாத விலை, அரை விரல்கூடக் குறையாமல் படிந்தது.

விலை படிந்தால் கை வெளியே வரவேண்டும். செந்தில்குமாரின் கை வரவில்லை. சந்தையில் விலை முடிந்த பிறகும் ஒருவன் கையை விடாமல் வைத்திருந்தால், அவன் இன்னொரு சரக்கைக் கேட்கப் போகிறான் என்று அர்த்தம். மஜீதுக்கு அது தெரியும்.

"அந்த ஆளு தனியா எப்ப பாய் இருப்பாரு?"

மஜீதின் விரல்கள் செந்தில்குமாரின் கைக்குள்தான் இருந்தன. குளிர்சாதனக் காற்றிலும் அந்தக் கை வியர்த்திருந்தது.

"காலையில ஆறு மணிக்கு கரண்டு வரும் தம்பி. மோட்டார் போட ஒத்தையா வருவாரு. அவரு சம்சாரம் எட்டு மணிக்குத்தான் சோறு எடுத்துட்டு வரும்."

"பேசிப் பாக்கத்தான்."

"பேசுங்க, பேசுங்க" என்றார் மஜீது.

அந்த நேரத்தில் அவர் நாக்கில் இன்னொரு வார்த்தையும் வந்து நின்றது. வீரையன் இல்லாமல் போனாலும் அந்த நிலம் காலியாகாது. கூடவே சேற்றில் இறங்கிப் பாடுபட்ட மனைவிக்கு அந்தச் சாகுபடிப் பாத்தியதை வாரிசாகப் போய்விடும். இந்த மாதிரி இரண்டு தாவாக்களுக்கு மஜீதே தாசில்தார் அலுவலகப் படி ஏறி இறங்கியிருக்கிறார். வீரையனின் மனைவி மங்களாம்பிகை நாற்றுப் பறிப்பதிலிருந்து கதிர் அடிக்கிறவரை வயலிலேயே கிடக்கிறவள் என்பதும் அவருக்குத் தெரியும். அதாவது, அந்தச் சரக்கில் ஓட்டை இருந்தது. ஆளில்லாத நிலம் என்று அங்கே ஒன்று கிடையவே கிடையாது. ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால் பேரம் உடைந்துவிடும். செந்தில்குமார் கேட்கவுமில்லை.

மஜீது துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

சிங்கப்பூருக்குப் போன் போட்டு விலை படிந்துவிட்டதைச் சொன்னார். இளஞ்செழியன் சந்தோஷப்பட்டார். வீரையன் ஒத்துக்கொண்டாரா என்று கேட்கவில்லை. மஜீது ஏதோ சொல்லத் தொடங்கியபோது, விவரமெல்லாம் வேண்டாம் பாய், காலியானதும் சொல்லுங்கள், பதிவுக்கு டிக்கெட் போடுகிறேன் என்று வைத்துவிட்டார். படித்தவர், எதைத் தெரிந்துகொள்ளக் கூடாது என்று தெரிந்திருந்தது.

பிறகு இரண்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. பேசிப் பார்த்து விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது என்று மஜீது தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மேட்டூர் திறந்து, ஆற்றில் தண்ணீர் வந்து, வாய்க்கால்கள் நிறைந்தன. குறுவை நடவு ஓடிக்கொண்டிருந்தது. ஆனி கடைசியில் ஒரு காலை ஒன்பது மணிக்கு டீக்கடையில் அவர் காதில் விழுந்தது: மோட்டார் போடப் போன இடத்தில் ஷாக் அடித்து வீரையன் செத்துப்போனார்.

கையிலிருந்த டீயை மஜீது முழுசாகக் குடித்தார். அதைத்தான் பிற்பாடு அவரால் நம்ப முடியவில்லை.

துக்கத்துக்குப் போனார். போகாமல் இருந்தால் நன்றாக இருக்காது. ஸ்டார்ட்டர் பெட்டியைப் பிடித்தபடி கிடந்தாராம். விழுந்ததில் பின்மண்டையில் அடியாம். பிரேதப் பரிசோதனை முடிந்து, விபத்து என்று எழுதிவிட்டார்களாம். வந்தவர்கள் ஆளுக்கு ஆள் அரசு நிவாரணத்துக்கு எப்படி மனுப் போடுவது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடவு ஆட்களான பெண்கள் மட்டும் ஒரு ஓரமாக நின்று ஏதோ கிசுகிசுத்து, ஆம்பளைகள் வந்ததும் நிறுத்திக்கொண்டார்கள். மஜீது வயல்பக்கம் பார்த்தார். கண்ணுக்கு எட்டிய மட்டும் தண்ணீர் நின்றது. அது எதையோ சொல்கிறது என்று அவருக்குப் புரியவில்லை. நிலத்தை விற்றே பழகியவர், விதைத்தவர் இல்லை.

சாயங்காலம் செந்தில்குமார் போன் செய்து, "அது அதுவா நடந்துபோச்சு பாய்" என்றார். மஜீது, ஆமாம் தம்பி, விதி என்றார். இரண்டு பேரும் அடுத்தவர் முதலில் வைக்கட்டும் என்று கொஞ்ச நேரம் போனைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டு வியாபாரத்தில் லாபம் வந்தால் ஒவ்வொருவனும் தன் பங்குதான் பெரிசு என்பான். இந்தக் கூட்டில் எல்லாம் தலைகீழ். தங்கையனைக் கேட்டால் முதலாளி சொன்னதைச் செய்தேன் என்பான். செந்தில்குமாரைக் கேட்டால் மிரட்டத்தான் சொன்னேன் என்பார். இளஞ்செழியன் அப்போது ஊரிலேயே இல்லை. மஜீதோ ஒரு நேரத்தைச் சொன்னார், அவ்வளவுதான். அந்த நேரம் ஊருக்கே தெரிந்தது. இப்படி நாலு பேரும் அவரவர் பங்கைக் கழித்துக்கொண்டே போனால், வீரையனை யாரும் கொல்லவில்லை என்றுதான் முடியும். தொழுகையில் குனிந்து நிமிரும்போதெல்லாம் மஜீது இந்தக் கழித்தலைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும் கடைசியில் ஏதோ ஒன்று மிஞ்சியது.

அது என்ன என்று அவருக்குக் காட்டிக்கொடுத்தவர் செந்தில்குமார்தான். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் கும்பகோணத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார். பத்திரம் எழுதக் கொடுத்த வக்கீல், மங்களாம்பிகை வாரிசுப் பாத்தியதைக்கு மனுக் கொடுத்துவிட்டாள், இனி அவளை எழுப்ப முடியாது என்று காகிதத்தைத் திருப்பிவிட்டாராம். செந்தில்குமார் கத்தவில்லை. மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"இது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா பாய்?"

"தெரியும்."

"சொல்லலையே?"

"நீங்க கேக்கலையே தம்பி."

சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. ஆயிரம் தடவை சொன்ன வார்த்தை. சேலைக்கும் மனைக்கும் தோப்புக்கும் சொன்னது. செந்தில்குமார் தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார். அவர் முகத்தில் பயம் தெரிந்தது. "தெரிஞ்சிருந்தா நான் எதுக்கு பாய் இதுல..." என்று தொடங்கியவர், பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தார். நிறுத்திய மீதி மஜீதுக்குக் கேட்டுவிட்டது.

அன்றிலிருந்து துண்டைத் தோளில் போடுவதை நிறுத்தினார். சாப்பாடு இறங்கவில்லை. மனைவி நஃபீசா சர்க்கரை ஏறிவிட்டதோ என்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போய்ப் பரிசோதித்தாள். சர்க்கரை சரியாகவே இருந்தது.

ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு, சாக்கில் சுற்றிய நீளமான எதையோ தூக்கிக்கொண்டு மங்களாம்பிகை வீட்டுக்கு வந்தாள். உள்ளே வந்து உட்காரச் சொன்னார்கள். தரையில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தாள். மண்வெட்டி. சேறு காய்ந்து அப்படியே ஒட்டியிருந்தது.

"வா தங்கச்சி" என்று வழக்கம்போல ஆரம்பித்த மஜீது, மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டே எதிரில் உட்கார்ந்தார்.

அவள் அழவில்லை. பல இடங்களில் சொல்லிச் சொல்லிப் பழகியதுபோல வரிசையாகச் சொன்னாள். போலீசில் கேட்கவில்லை. ஊரில் நிவாரணத்தைக் கெடுத்துக்கொள்ளாதே என்கிறார்கள். மருமகனும் அதையே சொல்கிறான். பொம்பளை பேச்சு ஏறமாட்டேன் என்கிறது. பாய்க்கு நாலு அதிகாரிகளைத் தெரியும், கோர்வையாகப் பேசவும் தெரியும், வீட்டுக்காரரிடம் மரியாதையாகப் பேசியவரும் பாய் ஒருத்தர்தான், அதனால் கூட வந்து பேச வேண்டும். இவ்வளவையும் சொல்லிவிட்டு மண்வெட்டியின் காம்பைத் தடவினாள்.

"அன்னைக்கு வாய்க்கா நெறய ஆத்துத்தண்ணி. முன்னாடி நாளெல்லாம் மழை. நட்ட நாத்து முங்கிடும்னு தண்ணிய வடிய விடத்தான் இத எடுத்துட்டுப் போனாரு. தண்ணிய வெளியேத்தப் போன மனுசன் மோட்டார எதுக்கு பாய் போடுவாரு?"

துக்கவீட்டில் பார்த்த அந்தத் தண்ணீர் இப்போதுதான் மஜீதுக்குப் புரிந்தது. நடவுப் பெண்கள் கிசுகிசுத்ததும் புரிந்தது.

"இது வடக்கு மடையில குத்தி நின்னுச்சு. ஆளு தெக்கால கொட்டகையில கெடந்தாரு. மடைய வெட்டிப்போட்டுட்டு மண்வெட்டிய அங்கேயே விட்டுட்டு எந்த வெவசாயியும் போகமாட்டான். செஞ்சவனுக்கு வெவசாயம் தெரியல பாய். அவனுக்கு வழி சொன்னவனுக்கும் தெரியல. கோடையில வந்து பாத்துட்டுப் போன எவனோ, காலையில மோட்டார் போட வருவாருன்னு சொல்லியிருக்கான். அவன் சொன்ன மாதிரியே கொண்டுபோயிப் போட்டுட்டானுங்க."

அவள் மஜீதைப் பார்த்துச் சொல்லவில்லை, மண்வெட்டியைப் பார்த்துத்தான் சொன்னாள். அந்த எவனோ யார் என்று அவளுக்குத் தெரியுமா, தெரிந்துதான் வந்திருக்கிறாளா என்பதை அவரால் கண்டுபிடிக்க முடியவில்லை. எதிரில் இருப்பவர் மனசில் என்ன விலை ஓடுகிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்கிறவர். இந்த முகத்தில் ஒன்றும் ஓடவில்லை.

நஃபீசா டீ கொண்டுவந்து வைத்தாள்.

மஜீதுக்குள் தரகர் இன்னும் உயிரோடுதான் இருந்தார். கூடப் போய்ப் பேசலாம். செந்தில்குமாரை மட்டும் காட்டிக்கொடுக்கலாம். நேரம் சொன்னது யார் என்று செந்தில்குமாரும் சொல்லத்தான் செய்வார், ஆனால் அதற்கு என்ன சாட்சி? துண்டுக்குள் பேசியது. மூச்சு விடுகிற நேரத்தில் இந்தக் கணக்கெல்லாம் ஓடி முடிந்தது. அவள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. அவள் கேட்கவும் இல்லை.

"சொன்னது நான்தான்" என்றார்.

உள்ளே போகத் திரும்பிய நஃபீசா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். மஜீது நிறுத்தாமல் எல்லாவற்றையும் சொன்னார். துண்டைச் சொன்னார், ஆறு மணியைச் சொன்னார். பிறகு யாருக்கும் தெரியாததைச் சொன்னார்: வீரையன் போனாலும் நிலம் மங்களாம்பிகைக்குத்தான் என்பது அன்றைக்கே தெரியும், நாக்கு நுனியில் வந்தது, சொன்னால் பேரம் கெட்டுவிடும் என்று விழுங்கிவிட்டார்.

டீயில் ஆடை கட்டியது.

"அந்த ஒரு வார்த்தைய நீங்க சொல்லியிருந்தா, அவங்க அவர விட்டிருப்பாங்களா?"

"விட்டிருப்பாங்கம்மா." தங்கச்சி என்று கூப்பிட இனி வாய் வராது என்று அப்போது அவருக்குத் தெரிந்தது. "ஆதாயம் இல்லாத காரியத்த அந்தாளு செய்யமாட்டாரு."

அவள் மண்வெட்டியைச் சாக்கில் சுற்றினாள். சுற்றி முடித்து, சணலால் கட்டி, எழுந்து நின்றாள்.

"பேசத் தெரிஞ்ச ஆளு வேணும்னுதான் வந்தேன். வாங்க. வந்து பேசுங்க."

பஸ்ஸில் அவள் முன்னால் பெண்கள் பக்கம் உட்கார்ந்தாள், அவர் பின்னால். கண்டக்டர் அவளுக்கு இலவச டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, சாக்கில் என்னம்மா என்று கேட்டார். மண்வெட்டி என்றாள். வேலைக்கா என்றதற்கு ஆமாம் என்றாள். ஜன்னல் வழியே இரண்டு பக்கமும் நட்டுப் பச்சை பிடித்த வயல்கள். ஒரு கொட்டகையில்கூட மோட்டார் ஓடவில்லை. இவ்வளவு வருஷம் இதே சாலையில் போய் வந்தும் அதை ஒரு தடவைகூட அவர் கவனித்ததில்லை.

காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டருக்கு மஜீதைத் தெரியும். மனை விஷயமாக ஒரு தடவை பேசியிருக்கிறார்கள். நாற்காலி போடச் சொன்னார். மஜீது உட்காரவில்லை. நின்றுகொண்டே, எதையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னார். இன்ஸ்பெக்டர் பாதியில் விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டுக் கேட்டார். பிறகு எழுத்தரைக் கூப்பிட்டு, வழக்குப் பிரிவை மாற்ற வேண்டும், கொலை, கூட்டுச்சதி என்று சொல்லிக்கொண்டே போனார். கூட்டு என்று காதில் விழுந்ததும் மஜீதுக்குத் தன் கழித்தல் கணக்கு நினைவுக்கு வந்தது. சட்டத்தில் அப்படிக் கழிப்பது கிடையாதாம். நாலு பேர் என்றால் ஆளுக்குக் கால் பங்கு இல்லை, ஒவ்வொருவனுக்கும் முழுசு.

மங்களாம்பிகையை வெளி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டு, இன்ஸ்பெக்டர் குரலைத் தாழ்த்தினார். நல்ல மனிதர், நல்லதற்குத்தான் சொன்னார். குற்றவாளியாக வந்தால் ஒரு மாதிரி, அப்ரூவராக மாறி அரசுத் தரப்புக்குச் சாட்சி சொன்னால் வேறு மாதிரி. வக்கீலை வைத்துப் பேசினால் மன்னிப்புக்கூடக் கிடைக்கும் என்றார். மஜீது கேட்டுக்கொண்டிருந்தார். இங்கேயும் இரண்டு விலை.

"அதெல்லாம் அப்புறம் பாக்கலாங்க. இப்ப எழுதுறத முழுசா எழுதச் சொல்லுங்க."

எழுத்தர் வாசித்துக் காட்டினார். ஆறு மணி இருந்தது. துண்டு இருந்தது. தங்கையன், செந்தில்குமார், இளஞ்செழியன், நாலாவதாக அவர் பேர், எல்லாம் இருந்தன. வாரிசுப் பாத்தியதை தெரிந்தும் சொல்லாமல் விட்டது மட்டும் இல்லை. அது ஏன் இல்லை என்று கேட்டார். எழுத்தர் இன்ஸ்பெக்டரைப் பார்த்தார்.

"யாரும் கேக்காத ஒண்ண நீங்க சொல்லாம இருந்தது எந்தப் பிரிவுலயும் வராது பாய்" என்றார் இன்ஸ்பெக்டர். "நேரம் சொன்னீங்க பாருங்க, அதுதான் குத்தம்."

மஜீது மறுபடியும் கேட்டுப்பார்த்தார். ஓரத்திலாவது எழுதிக்கொள்ளுங்கள் என்றார். வாழ்நாளில் அவர் பேசிய பேரங்களிலேயே இதுதான் மோசமான பேரம். ஒரு விரல்கூட ஏறவில்லை. கடைசியில் கையெழுத்துப் போட்டார்.

வெளியே மண்வெட்டியை வாங்கிச் சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மங்களாம்பிகை எழுந்து, மணி என்ன என்று கேட்டாள். அவளுடைய வயலுக்கு மடை திருப்ப வேண்டிய நேரம் வந்துகொண்டிருந்தது. பஸ்ஸைப் பிடித்தால்தான் சரியாக இருக்கும். சீட்டு ஒட்டிய போலீஸ்காரரிடம் கேட்டாள்:

"இது எப்ப சார் திரும்பத் தருவீங்க?"

"கேஸ் முடிஞ்சதும் தருவோம்மா."

அவள் சரி என்று தலையாட்டினாள். போலீஸ்காரர் குனிந்து எழுதத் தொடங்கினார். எழுத்தருக்குத் தெரியும், இன்ஸ்பெக்டருக்குத் தெரியும், அந்த நிலையத்தில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அவள் படி இறங்கப் போனாள்.

"ஏழெட்டு வருஷம் ஆகும்மா" என்றார் மஜீது. "அத நம்பி இருக்காதீங்க. வேற ஒண்ணு வாங்கிக்குங்க."

மங்களாம்பிகை திரும்பினாள். வீட்டில் வைத்து எல்லாவற்றையும் சொன்னதிலிருந்து அப்போதுதான் அவரை நேராகப் பார்த்தாள்.

"தெரியும் பாய்" என்றாள்.

இறங்கிப் போய்விட்டாள். மஜீது அவள் உட்கார்ந்திருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தார். பழக்க தோஷத்தில் கை தோளுக்குப் போய், அங்கே துண்டு இல்லாமல், மடியில் வந்து விழுந்தது. உள்ளே இன்ஸ்பெக்டர் ஜீப்புக்கு ஆளனுப்பிக்கொண்டிருந்தார்.